மூன்று நாள் சீடன்

மாதி டீச்சரிடம் மலைமொழி கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் தேவசகாயம். கீழே பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுக் கல்விக்கு டீன். மூன்று நாள் வகுப்புக்கு வந்தார். நான்காம் நாள் ஒரு கமிட்டி கூடியது, அத்தோடு சரி. மூன்று நாள் படித்தாலும் சீடன் சீடன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். தன்னைவிடப் பதினேழு வயது இளையவரான மாதி டீச்சரை ‘குருவே’ என்று கூப்பிடுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தச் சீடர் ஒரு சனிக்கிழமை காலை மலையேறி வந்தார். ஜீப் பாதி வழியில் நின்றுவிட, மீதியை நடந்தே ஏறியிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எழுதியது. அந்த நாட்டுப் பழங்குடி மாணவர்களும் இந்த மலை மாணவர்களும் சேர்ந்து படிக்கும் ஒரு பட்டப்படிப்பைப் பற்றியது. அந்தப் படிப்பைக் கொண்டுவரத் தேவசகாயம் ஐந்து வருடம் நாயாய் அலைந்திருந்தார். இந்த மலையிலிருந்து அதில் சேர்ந்த ஒன்பது பேரில் ஏழு பேர் பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. திங்கட்கிழமை அவர்கள் வகுப்பில் இல்லையென்றால் படிப்பை மூடிவிடுவதாகக் கடிதம் சொன்னது.

“நான் என்ன குறை வெச்சேன், குருவே? எல்லா விழாவுலயும் முதல் வரிசை அவங்களுக்குத்தான். எந்த நாட்டுல இருந்து யார் வந்தாலும் இவங்களுக்கு மாலை போட்டுத்தான் மறுவேலை. ஏன் போனாங்கன்னு ஒருத்தரும் வாயத் திறக்கல.”

மாதி டீச்சருக்கும் அலுப்புதான். அதே பல்கலைக்கழகத்தின் ஆலோசனைக் குழுவில் ஆறு வருடம் உட்கார்ந்து எழுந்தவர். போன வருடம் விலகினார். ஏன் என்று கீழே யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருந்தது.

“இன்னிக்கு ஊர்க்கூட்டம் இருக்கு. அந்த ஏழு பேரும் வராங்க. நீங்களும் வந்து உட்காருங்க, சார்” என்றார். பிறகு முன்னால் போய் ஊராரிடம் ஏதோ சொல்லிவைத்தார்.

தேவசகாயத்துக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். ஊரில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து முன்னால் போட்டார்கள். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். வரக்காப்பி முதலில் அவருக்குத்தான் வந்தது. பிறகு பேச ஆரம்பித்தார்கள், தங்கள் மொழியில்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். ஒரு பெண் பாதியில் அழுதாள். மூன்று நாள் படிப்பில் மிஞ்சிய ஒரே சொல், தண்ணீர் என்பதற்கான சொல், அவர் காதில் இரண்டு முறை விழுந்தது. தண்ணீருக்கு என்ன என்று விளங்கவில்லை. நடுவில் அவர் பெயர் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டு வைத்தார். எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

கடைசியில் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தது.

தேவசகாயம் டீச்சரிடம் விரைந்தார்.

“என்ன முடிவாச்சு? திங்கட்கிழமை வராங்களா?”

“உங்க முன்னாடிதானே சார் பேசினாங்க.”

“எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலையே.”

“கேட்டிருக்கலாமே.”

அவருக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டவும் தெம்பில்லை.

“எப்படிக் கேக்கறது, குருவே? மாலை போட்டு, நாற்காலி போட்டு, அவ்வளவு மரியாதையா உட்கார வெச்சிருக்காங்க. நடுவுல எந்திரிச்சு, எனக்கு எதுவும் புரியலன்னு எந்த வாயால சொல்றது?”

மாதி டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“அந்த ஏழு பேரும் இவ்வளவு நேரமா அதைத்தான் சார் சொல்லிட்டிருந்தாங்க.”