எல்லோருக்கும் இருபது

"அந்தம்மா வந்தா நான் தூங்குற மாதிரி கெடந்துருவேன்."

திரைத்தட்டிக்குப் பின்னால் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் குணசுந்தரியின் கை நின்றது.

"ஏன், திட்டுதா?" அடுத்த கட்டில் சீனியம்மா கேட்டாள்.

"திட்டுனாத் தேவலையே. ஒண்ணுமே சொல்லாது," என்றாள் வேலுத்தாய்.

"ஊசி வலிக்குதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. கை சுத்தம். ஆனா நாம ஒரு ஆளு இங்க கெடக்கோம்னே அதுக்குத் தெரியாது, மதினி."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குணசுந்தரி மீதிப் பஞ்சையும் உருட்டி முடித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலுத்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். இமை மட்டும் துடித்தது.

குணசுந்தரி அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாள். நாடி பார்த்தாள். அட்டவணையில் மூச்சு என்று போட்டிருந்த கட்டத்தில் இருபது என்று எழுதினாள்.

அடுத்த கட்டிலுக்குப் போனாள். சீனியம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

*

அன்று மத்தியானம் அவள் லிடியாவிடம் போனாள்.

லிடியா அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர். குணசுந்தரியைவிட வயதில் சிறியவள். லிடியா நர்சிங் படிக்கச் சேர்ந்த காலத்திலேயே குணசுந்தரி ஆபரேஷன் தியேட்டரில் பேர் வாங்கியிருந்தாள். டாக்டர் கையை நீட்டும் முன்பே வேண்டிய கருவி அந்தக் கையில் இருக்கும். முழங்கால் தேய்ந்து நெடுநேரம் நிற்க முடியாமல் போன பிறகுதான் அவளை இந்தப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள்.

"நான் போயிடலாம்னு இருக்கேன், சிஸ்டர்."

"டியூட்டி முடிய இன்னும் நேரம் இருக்கே அக்கா."

"வேலையை விட்டுப் போறேன். விருப்ப ஓய்வு கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில வந்து கடைசிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க."

லிடியா பேனாவை மூடி வைத்தாள்.

"வேலை பிடிக்காம இல்ல. இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆனா நான் பக்கத்துல போனா அவங்க கண்ணை மூடிக்கிறாங்க."

லிடியா எதிரே இருந்த ஏட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"போன வாரம் பயிற்சி வகுப்புல அந்த மேடம் சொன்னாங்களே, ஒரு நல்ல நர்ஸை உருவாக்குறது எதெல்லாம்னு. படிப்பு. அனுபவம். மேல இருக்கிறவங்க நடந்துக்கிற விதம். டாக்டருங்க குடுக்கிற மரியாதை. ஒவ்வொண்ணா எனக்கு நானே கேட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் எனக்குக் கிடைச்சிருக்கு. அப்புறம் என்கிட்ட எதுதான் இல்ல?"

"அன்னைக்கு வடை நல்லா இருந்துச்சு," என்றாள் லிடியா.

"நான் விளையாடல, சிஸ்டர்."

"தெரியும் அக்கா."

லிடியா நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"என் மூச்சை எண்ணுங்க."

குணசுந்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். லிடியாவின் நெஞ்சைப் பார்த்தாள். லிடியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டாள். பிறகு மெதுவாக விட்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நீங்க இப்படி உத்துப் பார்த்தா, மூச்சு எப்படி விடுறதுன்னே மறந்து போகுது."

அவள் குணசுந்தரியின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வெளியே சாப்பாட்டு வண்டி வந்து நின்றது. தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்து போனது. விரல்கள் அங்கேயே இருந்தன.

லிடியா கையை விட்டாள்.

"பதினாறு. கடைசியில ஒரு பெருமூச்சு."

"நாடி பார்க்குறீங்கன்னு நெனச்சேன்."

"முதல்ல நாடிதான் பார்த்தேன். அப்புறம் கையை எடுக்கல."

குணசுந்தரி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். விரல் பட்ட இடத்தில் சூடு இன்னும் இருந்தது. தன் கையை ஒருவர் இவ்வளவு நேரம் கடைசியாகப் பிடித்திருந்தது எப்போது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"இது முதல் வருஷப் பாடம்," என்றாள். "நாடி பார்க்கிற மாதிரியே பிடிச்சிக்கிட்டு மூச்சை எண்ணணும். அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மூச்சு மாறிடும். ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும்."

"எண்ணுறோமா?"

"தியேட்டர்ல மெஷின் எண்ணும்."

"இங்க?"

குணசுந்தரியின் குரல் இறங்கியது. "எல்லாருக்கும் இருபது போட்டுடுறோம்."

"நானும் போட்டிருக்கேன்," என்றாள் லிடியா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு இந்த ஒரு வேலை மட்டும் செஞ்சு குடுங்க அக்கா. ஜன்னல் பக்கத்து வரிசை முழுக்க. ஊசி மருந்தெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் போங்க."

*

முதலில் சீனியம்மா மாட்டினாள்.

"என்னம்மா, விடாமப் பிடிச்சிருக்க? நாடி நின்னுபோச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்த கட்டில்காரி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு நாளைக்குப் பாருங்க சிஸ்டர். இன்னைக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

குணசுந்தரி லிடியாவிடம் வந்தாள்.

"பயப்படுறாங்க."

"எங்க பார்த்து எண்ணுனீங்க?"

"நெஞ்சைப் பார்த்து."

"சேலைத் தலைப்பைப் பாருங்க அக்கா. மூச்சு அங்கயும் வந்து போகும்."

மறுநாள் அவள் தலைப்பைப் பார்த்தாள். ஒரு மஞ்சள் பூ ஏறி இறங்கியது. ஒரு மயில் ஏறி, பாதியில் சிக்கி, இறங்கியது. சாயம் போன ஒரு கட்டம் மிக மெதுவாக ஏறியது. அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே தன் புருஷன் டீ வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை அங்கேயே இருந்ததால் அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

"இந்தக் கையிலதான் சிஸ்டர், எம்புட்டு மாவாட்டியிருப்பேன்," என்றாள் ஒருத்தி.

"எம் மருமக வந்தா நான் நல்லாருக்கேன்னு சொல்லிராதம்மா. உடனே கூட்டிட்டுப் போயி வேலை வைப்பா," என்றாள் சீனியம்மா.

குணசுந்தரி மறுபடி லிடியாவிடம் வந்தாள்.

"பேச ஆரம்பிச்சிடுறாங்க சிஸ்டர். எண்ணிக்கை விட்டுப் போகுது."

"அப்போ என்ன செய்யணும்?"

"முதல்ல இருந்து எண்ணணும்."

"எண்ணுங்க."

லிடியா தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம்.

வேலுத்தாய் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். பித்தப்பையில் கல். மறுநாள் காலையில் முதல் ஆபரேஷன் அவளுக்குத்தான்.

குணசுந்தரி கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டில் விரல்களை வைத்தாள். சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

தூங்குகிறவர்களின் மூச்சு அது இல்லை. குட்டிக் குட்டியாக, ஓடி வந்தவளின் மூச்சு போல இருந்தது.

நிமிடம் முடிந்தது. குணசுந்தரி எழுதவில்லை. மறுபடி எண்ணினாள்.

"நாளைக்கு எங்க வீட்டு ஆளுக உள்ள வர முடியாதாம்ல?"

கண் மூடியபடியே இருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"வர முடியாது," என்றாள் குணசுந்தரி.



"நீங்க முன்ன தியேட்டர்லதான இருந்தீக?"

"ஆமா."

"குளிருமாம்ல?"

"குளிரும். போர்வை கேட்டா குடுப்பாங்க. கேளு."

"நெறைய வெளிச்சமாம்."

"மேல பெரிய லைட்டு. அது டாக்டருக்கு. நீ அதைப் பார்க்க வேண்டாம். பக்கத்துல பாரு."

வேலுத்தாய் எச்சில் விழுங்கினாள்.

"மயக்க மருந்து போட்டும் நான் தூங்காமக் கெடந்தா? சும்மா கண்ண மூடிக் கெடந்தா? தூங்கிட்டான்னு நெனச்சு அறுத்துற மாட்டாகளே?"

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. அந்த வார்டுக்கு வந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. வேலுத்தாயின் மூச்சைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"மாட்டாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பாக?"

"மெஷின் இருக்கு. நிறைய இருக்கு."

"மெஷினுக்கு என்ன தெரியும்?"



"நீ தூங்குறியா, தூங்குற மாதிரி கெடக்கியான்னு எனக்குத் தெரியும்," என்றாள் குணசுந்தரி.

வேலுத்தாய் கண்ணைத் திறந்தாள். ஒரு கண்ணை மட்டும்.

"எப்படி?"

குணசுந்தரி சேலைத் தலைப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

குணசுந்தரி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டாள்.

வேலுத்தாயின் முகம் சிவந்தது. இரண்டாவது கண்ணும் திறந்தது.

"அப்ப நாளைக்கு நீங்க உள்ள வருவீகளா?"

"என்னை இப்ப அங்க போடல, வேலுத்தாயி. வார்டு நர்ஸ் தியேட்டர் வாசல்ல கொண்டுபோய் ஒப்படைச்சிட்டுத் திரும்பிடணும். சிவப்புக் கோடு போட்டிருக்கும். அது வரைக்கும்தான்."

வேலுத்தாய் தலையாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. குணசுந்தரி முதலிலிருந்து எண்ணினாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் மாடி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான்.

"மேடம், சூப்பிரண்டு ஒன்பதரைக்கு வெளியூர் கிளம்புறார். அதுக்கு முன்னாடி வந்து கையெழுத்துப் போடணுமாம். இன்னைக்குப் போடலைன்னா பேப்பர் ரத்தாகிடும். அப்புறம் முதல்ல இருந்து எழுதிக் கேக்கணும்."

"வரேன்னு சொல்லுங்க."

ஆள் போனான். தியேட்டரிலிருந்து தள்ளுவண்டி வந்தது.

குணசுந்தரி லிடியாவைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே நேரம், சிஸ்டர்."

"ஆமா அக்கா."

"வேலுத்தாயை யார் கூட்டிட்டுப் போறது?"

லிடியா வேலுத்தாயின் தலையணையைச் சரிசெய்தாள். போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டாள். தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் காலியாக இருந்தது.

"நான் ஒண்ணு கேட்டேன், நீங்க பதிலே சொல்லல," என்றாள் குணசுந்தரி. "அன்னைக்கும் கேட்டேன்."

"பாதி தூரம் நான் வரேன்," என்றாள் லிடியா.

தாழ்வாரத்தின் நடுவில், மாடிப்படி பிரியும் இடத்தில், லிடியா கையை எடுத்துக்கொண்டாள். வார்டுக்குத் திரும்பி நடந்தாள்.

குணசுந்தரி மாடிப்படியைப் பார்த்தாள். வண்டியைத் தள்ளினாள். தியேட்டர் வாசலில் விட்டுவிட்டு ஏறிப் போக இன்னும் நேரம் இருந்தது.

*

சிவப்புக் கோட்டில் தியேட்டர் நர்ஸ் காத்திருந்தாள். ஒரு காலத்தில் குணசுந்தரியிடம் வேலை பழகியவள்.

"வாங்க அக்கா. முழங்கால் எப்படி இருக்கு? நீங்க போங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

கேஸ் ஷீட் கை மாறியது. வளையல் கழற்றியாச்சா, வெறும் வயிறா, பேர் என்ன என்று அவள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் குணசுந்தரி பதில் சொன்னாள்.

வேலுத்தாய் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது.

போர்வை குட்டிக் குட்டியாக ஏறி இறங்கியது.

"ஒரு நிமிஷம்," என்றாள் குணசுந்தரி.

"என்னக்கா?"

குணசுந்தரி செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் செருப்பின் பக்கத்தில் வைத்தாள். பச்சை உடை எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே குளிராக இருந்தது. அவள் போர்வை கேட்டாள். கொடுத்தார்கள். வேலுத்தாயின் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டினார்கள். திரையில் பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது.

குணசுந்தரி முக்காலியை இழுத்து அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலுத்தாயின் கிளிப் மாட்டாத கையின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள்.

வேலுத்தாய் கண்ணைத் திறந்தாள். மேலே விளக்கைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. "குணசுந்தரி மேடம் இங்க இருக்காங்களா? மாடியில தேடுறாங்க. சூப்பிரண்டு கிளம்பிட்டு இருக்கார்."

குணசுந்தரி திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடியது.

மயக்க மருந்து டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். குணசுந்தரியின் விரல்களைப் பார்த்தார். திரையைக் காட்டினார்.

"சிஸ்டர், மானிட்டர்தான் ஓடுதே. நாடி, மூச்சு எல்லாம் அதுல வருது. நீங்க கையை எடுத்துக்கலாம்."

குணசுந்தரி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.