பலாக்கட்டையில் மஞ்சள்

"சாமி, இந்தப் பந்தியில விரதம் முறிச்சவர் ஒருத்தர் உக்காந்திருக்கார்."

துவாதசிக் காலை. மலைக்காட்டு மடத்தில், ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் அப்போதுதான் இலை முன் உட்கார்ந்திருந்தார்கள்.

சொன்னவர் குலசேகரன். மடத்துக்கு வரும் முன் தணிக்கை அதிகாரி. வேலையை விட்டார், மோப்பத்தை விடவில்லை.

"யாரு?" என்றார் சாமி.

"பூவராகன்தான். கொல்லையில கிடக்கிற பலாக்கட்டையில, திருட்டுத்தனமாத் தின்னது மஞ்சளா வாந்தி. ராத்திரி அதுமேல உக்காந்திருந்தவர் இவரு."

பூவராகன் சாப்பாட்டுப் பிரியர். அதனால் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

"நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல" என்றார் பூவராகன்.

யாரோ சிரித்தார்கள்.

அவர் தொடாத இலையை மூடிவிட்டு எழுந்து போனார். விரதம் முறித்தவருக்கு மடத்தில் இடமில்லை. அறையில் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

சாமியும் தம் இலையை மூடினார்.

"சாயங்காலம் வரைக்கும் அவரை இருக்கச் சொல்லுங்க. அந்தக் கட்டையை யாரும் கழுவ வேண்டாம்."

சாயங்காலம் சாமி குலசேகரனைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். மழை விட்டிருந்தது.

காலையில் கட்டையின் அடியில் கிடந்த மஞ்சள் அங்கே இல்லை. ஒரு சாண் மேலே ஏறி, விசிறி மாதிரி விரிந்திருந்தது. வந்த வழியெல்லாம் பிசுபிசுவென்று ஈரத் தடம்.

குலசேகரன் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"சாமி, இதுக்கு உசிரு இருக்கா?"

"பூஞ்சக்காளான் மாதிரி ஒண்ணு, மழைக்கு வரும். மக்கின கட்டையில மேஞ்சுக்கிட்டே நகரும். பேரு எனக்கும் தெரியாது."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே சாமி?"

"நீங்க எங்க கேட்டீங்க? தீர்ப்புத்தானே சொன்னீங்க."

குலசேகரனுக்கு முகம் சுண்டிப்போனது.

"பசியோட உக்காந்த மனுஷனை இலையிலிருந்து எழுப்பிட்டேன். பாவி நான்."

குலசேகரன் அறைப்பக்கம் திரும்பினார்.

"இப்பவே அவர் அறைக்குப் போறேன். காதோட காதா மன்னிப்புக் கேட்டுடறேன். நாலு பேருக்குத் தெரியவேண்டாம், சாமி."

சாமி நேரே சமையல்கட்டு வாசலுக்கு நடந்தார்.

வேளை ஆகுமுன்பே, எல்லோரும் வந்து கூடும்படி பந்தி மணியை அடித்தார்.