மணிக்குப் பின்னால் வந்த ஆறு

ஆறு அசுந்தாவின் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தது. வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது என்று சொல்லவில்லை. உள்ளேயே வந்துவிட்டது. அடுப்பை அணைத்து, செஸ்ட்நட் மாவுக் கூழ் கிண்டிய சட்டியை மிதக்கவிட்டு, அவள் முழங்கால் உயரத்துக்கு நின்றது. வாசலில் மாசோ கையில் ஒயின் குவளையோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஏன் நின்னுட்டோம்?" என்று ஆறு கேட்டது.

"ஒரு வாய் குடிச்சுட்டுப் போகலாம்னுதான்" என்றான் மாசோ.

அசுந்தா கரண்டியை அவன்மேல் எறிந்தாள். "குடிச்சாச்சுல்ல, நட. நீ நிக்க நிக்க இங்க ஏறுது."

அவன் நடந்தான். இடுப்பில் கட்டியிருந்த மணி அடித்தது. ஆறும் சமையலறையை விட்டு வெளியேறி அவன் பின்னால் போனது. போகும்போது அசுந்தாவிடம் மன்னிப்புக் கேட்டதாம். உண்மையில் ஆற்றின்மேல் தப்பே இல்லை. அதற்குக் கண் தெரியாது.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆறுகளுக்குக் கண்ணும் கிடையாது, சொந்தப் பாதையும் கிடையாது. ஆனால் பேச்சு உண்டு. நாரை பேசும், கழுதை பேசும், ஆறும் பேசும். இத்தாலியில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே லாமெனா என்ற ஆறு குளிர்காலம் முழுக்க மலைமேல் உறைந்து கிடக்கும். பனி உருகி அது எழுந்திருக்கும்போது, போன வருடம் போன வழி சுத்தமாக மறந்துபோயிருக்கும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒருவர் மாட்டு மணியை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். ஆறு சத்தத்தைக் கேட்டுப் பின்னால் வரும். ஆள் வளைந்தால் ஆறும் வளையும். ஆள் நின்றால் ஆறும் நிற்கும். ஆறு நிற்பது என்றால் சும்மா இல்லை. மேலிருந்து வரும் தண்ணீரெல்லாம் நின்ற இடத்திலேயே சேர்ந்து ஏறும், வீடு மூழ்கும்.

ஏழு வருடமாக அந்த வேலையை ஒர்சோலாதான் செய்தாள். வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று பேர். அந்த வருடம் அவள் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். அதனால் ஒரு சாக்கில் செஸ்ட்நட் கொட்டைகளைப் போட்டு, அதில் ஒன்றை மட்டும் சுட்டுக் கருக்கி, பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருவர் கைவிட்டு எடுத்தார்கள். கருகிய கொட்டை மாசோவின் கையில் வந்தது.

இந்த வருடம் மணி அவனுக்குத்தான் என்றதும் எல்லோரும் பயந்தார்கள். மாசோ கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு கதவைத் தாண்டி அவனால் பேசாமல் போக முடியாது. அவனுடைய கழுதையே சபையில் எழுந்து, இவன் என்னைத் தண்ணி காட்டக் கூட்டிப்போனாலே திரும்புவதற்குள் மறுபடியும் தாகம் எடுத்துவிடும் என்று சொன்னது. மாசோவும், என் மனைவி தெல்பீனாவுக்கு இது பிரசவ மாதம், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். கொட்டை வந்தால் வந்ததுதான் என்றார்கள். ஒர்சோலா படுத்தபடியே அவன் இடுப்பில் மணியைக் கட்டி, ஒரு மணி நேரம் பாடம் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் அசுந்தாவின் சமையலறை.

அதோடு அவன் திருந்தினானா என்றால், இல்லை. ஒரு திராட்சைத் தோட்டத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் வரப்புக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். சமாதானம் பண்ணுகிறேன் என்று அங்கும் இங்கும் மூன்று தடவை நடந்தான். ஆறும் மூன்று தடவை நடந்தது. வரப்பே இல்லாமல் போனதால் சண்டை நின்றது, அது வேறு விஷயம். ஒரு மாவு மில்லில் புதுக் கல் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதைச் சுற்றி வந்து பார்த்தான். மில்லின் மூன்று பக்கமும் தண்ணீர். இன்னொரு ஊரில் வீடுகளுக்கும் கோயிலுக்கும் நடுவே புகுந்து போனான். பாதிரியார் பூசை முடித்து வெளியே வந்தார். கோயில் இந்தக் கரையில், ஊர் அந்தக் கரையில். அவர் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் ரிபாசெக்கா வந்தது. அது அவன் ஊர். பத்தொன்பது வீடுகள், பின்னால் செஸ்ட்நட் காடு. தெல்பீனா மாடி ஜன்னலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டு, ஊருக்கு வெளியே வயல் வழியாகப் போனான். அங்கே மட்டும் நிற்கவில்லை. அதை அவனுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உன் நடை மாறுதே. யார் வீடு?" என்று ஆறு கேட்டது.

"என் வீடு."

"நின்னுட்டுப் போகலாமே. நான் அவசரப்படல."

"நீ நின்னா அவ செத்துருவா" என்றான் மாசோ. ஆறு அதற்குப் பிறகு சத்தம் போடாமல் வந்தது.

ஐந்தாம் நாள் கடல். ஆறு உப்புத் தண்ணீரில் முதல் காலை வைத்து, சில்லென்று இருக்கிறது என்றது. அந்த நேரம் பார்த்து ஒரு நாரை வேகமாகப் பறந்து வந்தது.

"பெண் குழந்தை. காலையில பொறந்துச்சு. பாவம், அதுக்கும் உன் மூக்குதான்."

மாசோ ஓடினான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த வழியே ஊரைப் பார்த்து ஓடினான். ஓட ஓட இடுப்பில் மணி முன்னைவிடப் பலமாக அடித்தது.

ஆறு ஒரு காலைக் கடலில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னும் வழி இருக்கா?" என்றது. மணிச் சத்தத்தில் அவனுக்குக் காதில் விழவில்லை. அது காலை எடுத்துக்கொண்டு திரும்பியது.

ஆறு மேட்டில் ஏறி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மீன்கள் வால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் திணறின. நாரை தலைக்குமேல் பறந்து கத்தியது. வாழ்த்துகிறது என்று நினைத்து மாசோ கையை ஆட்டினான். பின்னால் கேட்ட இரைச்சலைக் கடல் என்று நினைத்துக்கொண்டான். இந்தத் தடவை வயல் பக்கம் சுற்றவில்லை. நேராகத் தெருவுக்குள் நுழைந்தான்.

தெல்பீனா குழந்தையோடு மாடி ஜன்னலுக்கு வந்தாள். அவன் கீழே நின்று, காட்டு, காட்டு என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மாசோ, மணி" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

அவன் குனிந்து இடுப்பைப் பார்த்தான். பிறகு திரும்பினான். தெருமுனையில் ஆறு கூரை உயரத்துக்கு வந்து நின்றது.

அப்போதாவது ஓடியிருந்தால் ஆறு அவன் பின்னால் தெருவைக் கடந்து போயிருக்கும். வீடுகள் நனைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவன் அதிர்ச்சியில் அப்படியே நின்றான். அவன் நின்றதால் ஆறும் நின்றது. நின்ற இடத்தில் ஏறியது.

பத்தொன்பது வீடுகளும் போயின. ஓட முடிந்தவர்கள் காட்டுக்குள் ஏறிப் பிழைத்தார்கள். தெல்பீனா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கூரை வழியாக ஏறினாள். மாசோ மீனாக மாறினான், பாறையாக மாறினான் என்று சிலர் சொல்வார்கள். செத்துப்போனான். மணியும் கற்களுக்கு அடியில் போனது.

ஆறு மூன்று நாள் அங்கேயே நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. கடைசியில் தட்டுத் தடுமாறி, வந்த வழியைத் தடவிக்கொண்டு கடலுக்குப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் வழி மறந்து எழுந்தாலும் அந்தத் தடத்தையே தடவிக்கொண்டு போகும்; வேறு பாதையில் போக அதற்கும் தைரியம் இல்லை, முன்னால் நடக்க யாருக்கும் தைரியம் இல்லை. லாமெனா சமவெளியில்கூட காரணமில்லாமல் வளைவதும், ஒரு ஊரில் மட்டும் கோயில் அக்கரையில் இருப்பதும் அதனால்தான். இலையுதிர் காலத்தில் அது கரையேறி வருவதும் மணி கேட்கிறதா என்று பார்க்கத்தான்.

அந்த வருடத்திலிருந்துதான், மலையிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஆற்றங்கரை வந்ததும் நின்று, ஒவ்வொரு ஆட்டின் கழுத்து மணிக்குள்ளும் வைக்கோலைத் திணிக்கிறார்கள். வெள்ளம் ஏறும் நாட்களில் அங்கே கோயில் மணிகூட அடிக்காது.

கடல் வந்ததும் முதல் வேலையாக மணியைக் கழற்று என்றுதான் ஒர்சோலா அவனிடம் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு முடிச்சு. அவன் கழற்றவில்லை.