பூவாயி வாசல் குழி

ஒரு ஊர்ல ஒரு... இல்ல, தப்பாச் சொல்றேன். ஊர்ல இல்ல. ரெண்டு ஊருக்கு நடுவுல, ஒரு ரோட்டுல, ஒரு குழி இருந்துச்சாம். ம் கொட்டு சாமி, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அந்தக் குழிக்குப் பக்கத்துல ஒரே ஒரு குடிசை. அதுல பூவாயின்னு ஒருத்தி. புருசன் இல்ல, புள்ளை இல்ல, அக்கம்பக்கம் இல்ல. வாசல்ல ஒரு முருங்கை மரம், உள்ள ஒரு அடுப்பு, ஒரு பானை, ஒரு கல் உரல். அவ்வளவுதான்.

"பூனை?"

பூனையும் இல்ல. இருந்தா விட்டுட்டா சொல்லுவேன்?

ரோட்டுக்கு இந்தக் கடைசியில ஆத்தோரமா வயக்காட்டூரு. அங்க நெல்லு வெளையும். அந்தக் கடைசியில மலையடியில கல்லூரு. அங்க கல்லுதான் வெளையும். அதனால சந்தைக்குச் சந்தை வயக்காட்டூர்ல இருந்து செங்கோடன் மாட்டு வண்டியில நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டுக் கல்லூருக்குப் போவான். மயிலைன்னு ஒரு மாடு, செவலைன்னு ஒரு மாடு. கடக்... கடக்... கடக்... உச்சி வெயிலு. மாட்டுக்குத்தான் வழி தெரியுமே, செங்கோடன் மூட்டையில சாஞ்சு தூங்கிருவான். கொர்ர்ர்...

பூவாயி வாசலுக்கு வந்ததும் சக்கரம் குழியில விழும். டமால்!

அப்போ பின்னால இருக்கிற மூட்டை வாய் நெகிழும். நெல்லு சலசலன்னு ரோட்டுல கொட்டும். செங்கோடன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பான். அவன் முன்னாலதான் பார்ப்பான், பின்னால கொட்டுறது அவனுக்குத் தெரியாது. சக்கரத்தை இழுக்கிறதுக்கு முன்னால மாடு ஒரு மூச்சு வாங்கும். அந்த ஒரு மூச்சு நேரத்துல கேப்பான்:

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா."

"இன்னும் போகலையா?"

"உன்னை அனுப்பிட்டுத்தான்டா போவேன்."

"ஹை! ஹை!" வண்டி போயிரும்.

அதோட பேச்சு முடிஞ்சுது. அடுத்த சந்தை வரைக்கும் அவகிட்ட ஒரு மனுசர் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. திரும்பி வரப்போ பேச மாட்டானான்னு கேப்ப. திரும்பி வரப்போ வண்டி மறு ஓரமா வரும், குழியில படாது. தூங்கிக்கிட்டே போயிருவான்.

பூவாயி சிந்துன நெல்லைக் கூட்டி அள்ளுவா. மண்ணு போகப் புடைப்பா. உரல்ல போட்டு டொக்கு, டொக்குன்னு குத்துவா. அந்த வீட்டுல கேக்குற சத்தம் அது ஒண்ணுதான். அவ விட்ட மணியைக் குருவிங்க வந்து பொறுக்கும், கீச் கீச் கீச்.

இப்படியே போச்சு. அப்புறம் ஒரு சந்தைக்கு, டமால்னு விழுந்தும் செங்கோடன் கேலி பேசலை.

"என்னடா, மூஞ்சி தொங்குது?"

"கல்லூர்ல கடைசி வீட்டுல ஒரு பொண்ணு இருக்குக்கா. உன் இடுப்பு ஒசரம்தான் இருக்கும். வீட்டு வரிசையா நெல்லு அளந்துக்கிட்டே போறேன், அவ வீட்டுக்கு வரப்போ மூட்டை காலி. சாக்கை வாங்கி உதறிப் பாத்துட்டு உள்ள போயிருது. போன சந்தைக்கு அவங்க வீட்டுல அடுப்பே எரியலை."

"கிளம்புறப்போ நெறைவாத்தானே இருக்கும்?"

"கழுத்து முட்ட இருக்கும். எங்க போகுதுன்னு தெரியலை. நான் தின்னுட்டேன்னு சொல்றாங்க. இந்த எலும்பைப் பாத்தா தின்ன எலும்பு மாதிரியா இருக்கு?"

பூவாயிக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. நெல்லுக்காக மட்டும் இல்ல சாமி. டமால்னு விழுந்தாத்தானே அவன் முழிப்பான்?

"ம்."

அன்னைக்கு அவ சோறு வடிச்சா, எறங்கலை. ஒரு சின்னக் கை சாக்கை உதறுற மாதிரியே இருந்துச்சு. சரி, குழியை மூடிருவோம்னு முறத்துல மண்ணு அள்ளிக் கொட்டினா. கொட்டிட்டு உள்ள போயிட்டா. சோன்னு மழை. மண்ணு கரைஞ்சு போச்சு. அடுத்த சந்தைக்கு, டமால்! "அக்கா, இருக்கியா?" அவளுக்குக் கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் அந்தச் சந்தோசத்தை நெனைச்சு வெக்கமா இருந்துச்சு.

அப்புறம் உமியும் வைக்கோலும் போட்டு அமுக்கினா. சக்கரம் ஏறுச்சு. பொதுக்! டமால்! "அக்கா, இருக்கியா?"

மனசில்லாமப் போட்டது நிக்குமா?

வண்டி போன பிறகு ரொம்ப நேரம் வாசல்லயே உக்காந்திருந்தா. அப்புறம் உள்ள போயி உரலைப் பாத்தா. சாய்ச்சா. உருட்டினா. உருட்டு, நிறுத்து, மூச்சு வாங்கு. உருட்டு, நிறுத்து, மூச்சு வாங்கு. குழியில கவுத்துப் போட்டு, சுத்தி ஜல்லி வெச்சு இடிச்சா. கச்சிதமா உக்காந்துக்கிச்சு.

"இனிமே எதுல நெல்லு குத்துவா?"

இனிமே நெல்லு எங்க இருக்கு சாமி, குத்துறதுக்கு?

அடுத்த சந்தை. கடக்... கடக்... கடக்... கடக்... வண்டி வந்துச்சு, உரல் மேல ஏறி எறங்குச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு. ஒரு மணி சிந்தலை. கொர்ர்ர்... செங்கோடன் முழிக்கலை. பூவாயி பானையில மிச்சம் இருந்த நெல்லை தன் சேலையில கிழிச்ச ஒரு பழந்துணியில முடிஞ்சு வெச்சிருந்தா. வண்டிக்குப் பின்னாலயே ஓடிப்போயி, மூட்டை இடுக்குல சொருகிட்டு நின்னுட்டா. வண்டி சின்னதாகிச் சின்னதாகிப் போயிருச்சு.

குருவிங்க ரெண்டு நாள் வந்து பாத்துச்சு. அப்புறம் வரலை. டொக்கு டொக்குச் சத்தமும் இல்ல. முருங்கைக்கீரையை வதக்கித் தின்னுட்டு, ஒரு நாள் பூரா வாயைத் தொறக்காம இருந்தா. குரல் இருக்கான்னு பாக்க ஒரு தடவை இருமிப் பாத்தா.

அதுக்கு அடுத்த சந்தைக்கும் அவன் தூங்கிக்கிட்டேதான் போனான். பூவாயி ஒரு கொத்து முருங்கையிலையை ஒடிச்சு, வண்டி கூடவே நடந்து மயிலைக்குக் குடுத்தா. "நீயாவது இருக்கியா?"ன்னு கேட்டா. மயிலை மென்னுக்கிட்டே போயிருச்சு.

அதுக்கும் அடுத்த சந்தை. கடக்... கடக்... கட். நின்னுருச்சு! மயிலை கழுத்தைத் திருப்பி முருங்கை மரத்தைப் பாக்குது. ஒரு அடி எடுத்து வைக்கலை. செங்கோடன் கண்ணைக் கசக்கிக்கிட்டு எந்திரிச்சான்.

"ஏன்டா நின்னீங்க? அட, அக்கா! குழி எங்கக்கா?"

"மூடிட்டேன்."

கீழ குனிஞ்சு பாத்தான். உரல் அடி தெரிஞ்சுது. அப்புறம் தலைமாட்டுல இருந்து ஒரு முடிச்சை எடுத்தான். அவளோட அதே பழந்துணி.

"மூட்டை இடுக்குல இருந்துச்சு, உன் சேலைத் துணின்னு தெரிஞ்சுது, கடைசி வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்தேன். அதுதான் இதைத் திருப்பிக் குடுத்துச்சு. அந்த நெல்லுல இடிச்ச அவலாம். நனைச்சுத் தின்னாப் போதும், ஒலை வெக்க வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு. போறப்பவும் வரப்பவும் உன்னைத் தாண்டித் தாண்டிப் போயிட்டு வருது இது, நான் தூங்குமூஞ்சி."

"சாக்கை உதறுச்சாடா அது?"

"நெறைஞ்ச சாக்கை எதுக்குக்கா உதறணும்?"

பூவாயி முடிச்சை நெஞ்சோட வெச்சுக்கிட்டா. ஒரு கொத்து முருங்கையிலை ஒடிச்சுப் போட்டா, மயிலை தின்னு முடிச்சுது. ஒரு மூச்சு வாங்குச்சு. வண்டி நகர்றப்போ செங்கோடன் திரும்பிப் பாத்துக் கேட்டான்:

"அக்கா, அடுத்த சந்தைக்கும் இருப்பியா?"

"இருப்பேன்டா."

கடக்... கடக்... கடக்...

குழி மூடியாச்சு, கதையும் மூடியாச்சு. சாமி... இருக்கியா?

...

சரி. தூங்கு.