தேனப்பன் சொன்ன மூன்று கதைகள்

குழந்தைகளே, நாவல் மரங்களும் மூங்கில் புதர்களும் அடர்ந்த ஒரு காட்டில் கரடி ஒன்று வாழ்ந்தது. அதன் பெயர் தேனப்பன்.

தேனப்பனின் நாக்கில் எப்போதும் இனிப்பு. எதிரில் யார் வந்தாலும், "வாருங்கள், வாருங்கள், ஒரு வாய் தேன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று இலையை மடித்து நீட்டும். காட்டில் அதற்கு அவ்வளவு நல்ல பெயர். "தேனப்பனைப் போல உண்டா!" என்று விலங்குகள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே சொல்லும்.

அந்தத் தேனை மரமேறி எடுத்துவந்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

தேனப்பனின் தங்கை ஒரு கோடையில் காட்டுத்தீயில் சிக்கி இறந்துபோனது. அதன் குட்டி பூவந்தியைத் தேனப்பன் தன் குகைக்கு அழைத்துவந்தது. "தாய்மாமன் நான் இருக்கும்போது இவள் அநாதையா?" என்று அது கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பார்த்தவர்கள் கண்களும் கலங்கின.

ஆனால் குகைக்குள் நடந்தது வேறு.

விடிந்தால் போதும், பூவந்தி தேன்கூடு இருக்கும் மரத்தில் ஏற வேண்டும். தேனீக்கள் கொட்டினாலும் இறங்கக் கூடாது. தேனடை சிறியதாக இருந்தால் அடி விழும். அழுதால் இன்னொரு அடி.

"வெளியே மூச்சு விட்டாயானால் தெரியும்! நான் தேன் கொடுப்பதை நிறுத்திவிடுவேன். அப்புறம் காடே சேர்ந்து உன்னைத்தான் திட்டும்" என்று மிரட்டும் தேனப்பன்.

பூவந்தி வாயை மூடிக்கொண்டது.

குகைக்கு எதிரே கூழாங்கல் திட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்துவந்தது. அந்தக் குருவிக்கு ஒரு பழக்கம். சருகு அசைந்தாலும் கத்தும். நரி தும்மினாலும் கத்தும். அதனால் அது கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் காலை குகைக்குள்ளிருந்து பூவந்தியின் அலறல் கேட்டது. குருவி ஒரே பாய்ச்சலில் காட்டெருமையிடம் பறந்தது.

காட்டெருமைதான் அந்தக் காட்டின் காவல். வலிமை மிக்கது, நேர்மையானதும்கூட. ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பாது.

"தேனப்பன் குட்டியைப் போட்டு அடிக்கிறது! ஓடி வாருங்கள்!" என்று கத்தியது குருவி.

"நேற்று புலி வந்தது என்று கத்தினாய். போய்ப் பார்த்தால் காய்ந்த புல்" என்று முணுமுணுத்தபடி காட்டெருமை குகைக்கு நடந்தது.

வாசலிலேயே தேனப்பன் எதிர்கொண்டது. "வாருங்கள் காவலரே! குட்டிக்குக் காலில் முள் குத்திவிட்டது. பிடுங்கும்போது கொஞ்சம் அழுதாள். வேறொன்றுமில்லை."

பூவந்தி மாமனின் பக்கத்தில் தலை குனிந்து நின்றது. அதன் முன்னங்கால் வீங்கியிருந்தது.

"குட்டி, உன்னை யாராவது அடிக்கிறார்களா?" என்று கேட்டது காட்டெருமை.

தேனப்பன் புன்னகையோடு குட்டியின் தோளில் கை வைத்தது.

"இல்லை" என்றது பூவந்தி.

"கேட்டாயா?" என்று குருவியை முறைத்துவிட்டுக் காட்டெருமை திரும்பிப் போய்விட்டது.

அன்று நண்பகலில் கால் வீக்கம் அதிகமாயிற்று. நடக்க முடியாத குட்டி எப்படி மரம் ஏறும்? தேனப்பன் அதைக் கீரியிடம் தூக்கிச் சென்றது. கீரிதான் காட்டுக்கு வைத்தியர். எந்தக் காயத்துக்கு எந்தப் பச்சிலை என்று அதற்குத் தெரியும். யாருடைய நோயையும் அடுத்தவரிடம் சொல்லாது.

"நாவல் மரத்திலிருந்து விழுந்துவிட்டாள், வைத்தியரே. விளையாட்டுப் புத்தி" என்றது தேனப்பன்.

கீரி கட்டுப்போட்டது. போடும்போதே முதுகில் முடியை விலக்கிப் பார்த்தது. அங்கே வரிவரியாகத் தழும்புகள். சில பழையவை, சில புதியவை. 'மரத்திலிருந்து விழுந்தால் இப்படியா வரும்?' என்று கீரிக்குச் சுருக்கென்றது. 'நமக்கெதற்கு? காயத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பது என் வேலையில்லை' என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டது.

அன்றே பிற்பகல் தேனப்பன் மைனாவைத் தேடிப் போனது. ஆலமரத்தடியில் காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் பாடம் சொல்லித்தருவது மைனாதான்.

"மைனா அம்மா, பூவந்தி சில நாள் பாடத்துக்கு வரமாட்டாள். நேற்றே உறவுக்காரர்களோடு அக்கரைக்கு இலுப்பைப்பூ பொறுக்கப் போய்விட்டாள்" என்றது.

"அப்படியா, சரி" என்றது மைனா. மைனா இளகிய மனம் கொண்டது. பூவந்தி பிற குட்டிகளின் பழங்களைத் திருடித் தின்பதையும், பக்கத்தில் ஒரு குச்சி விழுந்தாலும் தலையைப் பொத்திக்கொள்வதையும் அது கவனித்திருந்தது. 'தாயில்லாப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

இப்படி மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தார்கள். பார்த்ததை அவரவர் மனத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

நான்கு நாட்கள் போயின. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது குகைக்குள்ளிருந்து தேனப்பனின் குரல் குருவிக்குக் கேட்டது.

"கால் வலியாம், கால்! நாளைக்குக் கழுகுப்பாறைக் கூட்டில் ஏறுகிறாய். இல்லையென்றால் தோலை உரித்துவிடுவேன்!"

கழுகுப்பாறை செங்குத்தானது. அங்கே இருப்பவை மலைத்தேனீக்கள். வளர்ந்த கரடிகளே அந்தப் பக்கம் போகாது. கட்டுப்போட்ட காலோடு ஒரு குட்டி அதில் ஏறினால் உயிரோடு இறங்குமா?

குருவி தன் முட்டைகளைப் பார்த்தது. விட்டுப் போனால் பாம்பு வரலாம். போகாவிட்டால்? அவசர அவசரமாக முட்டைகளைக் கூழாங்கற்களால் மூடிவிட்டுப் பறந்தது. காட்டெருமையிடம் போனால் மறுபடியும் முறைக்கும். அதனால் ஆலமரத்துக்குப் போனது.

"மைனா அக்கா, பூவந்தியை அதன் மாமன் கொன்றுவிடும்!"

"என்ன உளறுகிறாய்? பூவந்தி ஊரிலேயே இல்லையே. அக்கரைக்குப் போயிருக்கிறாள்."

"அக்கரைக்கா? ஐந்து நாளாகக் குகையை விட்டு அசையவில்லை. வீங்கிய காலோடு கிடந்து அழுகிறாள். கீரியிடம் போய்வந்ததைத் தவிர வெளியே தலை காட்டவில்லை!"

மைனாவின் சிறகுகள் தொங்கிப்போயின. ஒரு கணம்தான். "வா என்னோடு" என்று கீரியின் வளைக்குப் பறந்தது.

நடந்ததைக் கேட்ட கீரி தயங்கியது. "மைனா, நோயாளி விஷயத்தை நான் வெளியே சொல்வதில்லை. அது ரகசியம்."

"அந்த ரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது, வைத்தியரே? அடிபட்ட குட்டியையா, அடித்த கரடியையா?"

கீரி கையிலிருந்த பச்சிலையைக் கீழே வைத்தது. "முதுகு நிறையத் தழும்பு, மைனா. மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னான். நான் அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டும்."

மூவரும் காட்டெருமையிடம் போனார்கள்.

"நான்தான் விசாரித்துவிட்டேனே! குட்டியே இல்லை என்று சொன்னது" என்றது காட்டெருமை.

"யார் முன்னால் கேட்டீர்கள்?" என்றது மைனா.

"தேனப்பன் முன்னால்…" என்று ஆரம்பித்த காட்டெருமை பாதியில் நிறுத்திக்கொண்டது. பிறகு மெல்லக் கேட்டது: "முள் குத்திய கால் என்றல்லவா என்னிடம் சொன்னான்?"

"என்னிடம் மரத்திலிருந்து விழுந்ததாக" என்றது கீரி.

"என்னிடம் குட்டி முதல் நாளே அக்கரைக்குப் போய்விட்டதாக" என்றது மைனா.

மூன்று கதைகளும் ஒரே நாளில் சொல்லப்பட்டவை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காட்டெருமை குருவியின் முன் தலை தாழ்த்தியது. "நீ கத்தியது சரி. நான் கேட்டதுதான் தப்பு. இப்போதே போவோம். ஆனால் அந்தக் குட்டியிடம் நான் கேட்கக் கூடாது. அவளுக்குப் பிடித்தவர் தனியாகக் கேட்க வேண்டும்."

குகை வாசலில் காட்டெருமையும் கீரியும் தேனப்பனைப் பேச்சில் நிறுத்திக்கொண்டன. மைனா குகையின் பின்வழியாக நுழைந்து பூவந்தியை ஓடைக்கரைக்கு அழைத்துப் போனது. குருவி காவலுக்கு நின்றது.

மைனா உடனே எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாவல்பழங்களைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது. பூவந்தி இரண்டையும் ஒரே வாயில் விழுங்கியது.

"கால் எப்படி வீங்கியது, பூவந்தி?"

பூவந்தி தண்ணீரையே பார்த்தது. "சொன்னால் நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்களே, மைனா அக்கா?"

"சொல்வேன், கண்ணே. உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் சொல்வேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்."

"தேன் நின்றுபோனால் எல்லோரும் என்னைத் திட்டுவார்களாமே?"

"தேன் இல்லையென்றால் பழம் தின்றுவிட்டுப் போகிறோம். நீ இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வோம்?"

அவ்வளவுதான். பூவந்தி தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கடைசியில், "தப்பு என்னுடையதா அக்கா?" என்று கேட்டது.

"துளிகூட இல்லை" என்றது மைனா.

ஓடைப் பக்கத்திலிருந்து குகை வாசலுக்கு மைனா தனியாகத் திரும்பியது. "தேனப்பா, பூவந்தி அக்கரையிலிருந்து எப்போது வந்தாள்?"

தேனப்பன் திடுக்கிட்டது. "நேற்று… நேற்றுத்தான்."

"அப்படியானால் நான்கு நாளைக்கு முன் நான் யாருக்குக் கட்டுப்போட்டேன்?" என்றது கீரி.

"அது… மரத்திலிருந்து விழுந்து…"

"என்னிடம் முள் என்றாயே?" என்றது காட்டெருமை.

தேனப்பன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை சொல்லலாம். மூவரும் சேர்ந்து நிற்கும்போது எந்தக் கதையைச் சொல்வது? அதன் நாக்கு முதன்முறையாக ஒட்டிக்கொண்டது.

பிறகு வழக்கம்போல இலையை மடித்தது. "இதெல்லாம் எதற்கு? ஆளுக்கொரு அடை தேன் தருகிறேன்…"

கீரி அந்த இலையைத் தட்டிவிட்டது.

"என் குட்டி! நான் வளர்ப்பேன், நான் அடிப்பேன்! கேட்க நீங்கள் யார்?" என்று உறுமிக்கொண்டு தேனப்பன் ஓடைப் பக்கம் பாய்ந்தது.

குருவி கத்திய கத்தலில் காடே விழித்தது. மான்கள் வந்தன, முயல்கள் வந்தன, மயில்கள் வந்தன. காட்டெருமை குறுக்கே போய் நின்றது. மலை வந்து நின்றதுபோல இருந்தது. தேனப்பன் மோதிப் பார்த்தது. காட்டெருமை ஓர் அங்குலம் நகரவில்லை.

"இந்தக் காட்டில் இனி ஒரு குட்டியும் உன் பொறுப்பில் இருக்காது. ஆற்றைத் தாண்டிப் போ. திரும்பி வராதே" என்றது காட்டெருமை.

தேனப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கியது. அதற்கு முன்பே காட்டெருமை அக்கரைக் காவலான யானைக்கு ஒரு மயிலை அனுப்பிவிட்டது. "வருபவன் இனிக்க இனிக்கப் பேசுவான். குட்டிகள் பக்கம் விட வேண்டாம்" என்பதே செய்தி.

கூட்டத்திலிருந்து நரி மட்டும் முனகியது: "தேன் போச்சே!"

யாரும் சிரிக்கவில்லை. பூவந்தியின் முதுகைப் பார்த்துவிட்டு நரியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

பூவந்தியை யாரிடம் விடுவது? ஓடை முனையில் சடைச்சி என்ற பெண் கரடி இரண்டு குட்டிகளோடு இருந்தது. "நான் வளர்க்கிறேன்" என்றது. இந்த முறை நால்வரும் பேச்சை மட்டும் நம்பவில்லை. கீரி அந்தக் குட்டிகளின் முதுகைப் பார்த்தது. மைனா அவற்றோடு பேசியது. காட்டெருமை சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை போய்வந்தது. குட்டிகள் அம்மாவின் மேல் ஏறிக் காதைக் கடித்துக்கொண்டிருந்தன. சடைச்சி "ஐயோ, காது! காது!" என்றதே தவிரக் கையை ஓங்கவில்லை. பூவந்தி அங்கே போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் நால்வரும் ஆலமரத்தடியில் கூடினார்கள். எந்தக் குட்டி பாடத்துக்கு வரவில்லை, எந்தக் குட்டிக்குக் காயம், எந்த வீட்டில் அழுகை என்று பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றாக வைத்துப் பேசினார்கள். அந்தப் பேச்சு ஆலமரத்தடியைத் தாண்டிப் போகாது. ஊர்வம்புக்கு அங்கே இடமில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் அவர்கள் கூடியிருந்தபோது பூவந்தி மூச்சிரைக்க ஓடிவந்தது. கால் நன்றாகத் தேறியிருந்தது.

"மைனா அக்கா! காவலரே! பாறை மேட்டு மந்தி தன் இரட்டைக் குட்டிகளை அடிக்கக் கை ஓங்கியது. அப்புறம் கையை இறக்கிவிட்டு அதுவும் உட்கார்ந்து அழுகிறது. குட்டிகளுக்குப் பசி. யாராவது வாருங்கள்!"

அடுத்த நொடியே நால்வரும் எழுந்தார்கள்.

மந்தியின் துணையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதற்குக் காய்ச்சல். பத்து நாளாகச் சரியான உணவில்லை. கீரி கஷாயம் வைத்துக் கொடுத்தது. காட்டெருமை அத்திமரத்தை முட்டி உலுக்கிப் பழங்களைக் கொட்டியது. பகலில் குட்டிகளை மைனா பார்த்துக்கொண்டது. மாலையில் சடைச்சி பார்த்துக்கொண்டது. பறக்கக் கற்றுக்கொண்டிருந்த தன் குஞ்சுகளோடு ஆட்காட்டிக் குருவி பாறை மேட்டிலேயே வந்து தங்கியது.

"எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன்" என்று மந்தி விம்மியது. "இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என் கை என்ன செய்திருக்குமோ!"

அந்தக் குட்டிகள் மேல் ஓர் அடிகூட விழவில்லை. காய்ச்சல் தணிந்ததும் மந்தி அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. கீழே நின்ற காடே ஆரவாரம் செய்தது. பூவந்திதான் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது.

நீதி: ஆளுக்குக் கொஞ்சம் கண்டதை ஒன்றுசேர்த்துப் பேசினால், அடி விழும் முன்பே பிள்ளையைக் காக்கலாம்.