முதல் பேஸில் நிற்பவன்

பரராசசிங்கம் மடத்துப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். ஐம்பத்தேழு வயதில் அப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கென்ன, அவர் கையில் ஆல் ஸ்டார் வாக்குச்சீட்டு இல்லை.

கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது மடம். நடத்தியவர் மங்களம் அம்மா. நாற்பத்துமூன்று வயது, முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தம்மைவிட மூத்த சீடர்களை அவர் அண்ணை, அக்கா என்றே கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள்.

அன்று அம்மா அன்னதானத்துக்கு உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு விசர் பிடிக்கப்போகுது அம்மா."

"இருந்து சொல்லுங்கோ அண்ணை."

அவர் உட்காரவில்லை. இருபது வருடமாகத் தமிழ் வாரப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர் அவர். இந்த வருடம்தான் முதல்தடவையாக பேஸ்போல் லீக் அவரையும் மதித்து ஒரு வாக்கு கொடுத்திருந்தது. ஆல் ஸ்டார் என்ற நட்சத்திர அணிக்கு, ஆட்டக்களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆகச் சிறந்த ஒருவனின் பெயரை எழுத வேண்டும். மற்ற இடங்களையெல்லாம் ஒரே மாலையில் நிரப்பிவிட்டார். முதல் பேஸ் மட்டும் நாலு நாளாகக் காலியாகக் கிடந்தது.

"ரெண்டு பேர் அம்மா. ஹெல்கர், மதியாஸ். ஹெல்கர் அடிச்சால் பந்தைத் தேடத் தேவையில்லை, அது மைதானத்துக்கு வெளியிலை போட்டுது. இந்த வருசம் பிடிக்கிறதிலை மூண்டே மூண்டு பிழை. மதியாஸுக்குப் பதினொண்டு. அடியும் சுமார். பதின்மூண்டு வருசமா விளையாடுறான், ஒருக்காலும் தெரிவாகேல்லை. நான் பத்துக் கிழமையா ஹெல்கர், ஹெல்கர் எண்டு எழுதிப்போட்டன். இப்ப சீட்டை எடுத்தால் அந்தப் பேரை எழுதக் கை வருகுதில்லை."

"ஏன்?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் இஞ்சை வாறன்!"

அம்மா ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல் பேஸிலை நிக்கிறவருக்கு என்ன வேலை?"

பரராசசிங்கம் பெருமூச்சு விட்டார். ஆறு வருடச் சீடன். இந்த விளையாட்டைப் பற்றி அம்மாவிடம் அவர் பேசாத வெள்ளிக்கிழமை இல்லை.

"அடிச்சவன் முதல் பேஸுக்கு ஓடுவான். பந்தைப் பொறுக்கினவன் அங்கை நிக்கிறவனுக்கு எறிவான். ஓடுறவன் வந்து சேரமுன்னம் இவன் பிடிக்கவேணும். பிடிக்கேக்கை ஒரு கால் பேஸிலை, அந்தச் சின்னச் சதுரத்திலை, இருக்கவேணும். அவ்வளவுதான்."

"அப்ப எறியிறது மற்றவை."

"ஓம்."

அம்மா கிழங்குச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "கீழை வாங்கோ."

டயர் கடைக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் இடம். அம்மா ஒரு அட்டைப் பெட்டியை மிதித்துத் தட்டையாக்கி, அதன்மேல் ஒரு காலை வைத்து நின்றார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தினார்.

"பத்துக் கிழங்கு. எறியுங்கோ."

முதல் கிழங்கு நேராகப் போனது, அம்மா பிடித்தார். இரண்டாவது தோளுக்கு வெளியே போனது. அவர் அசையவே இல்லை. அது போய் டயர் அடுக்கில் மோதியது.

"எட்டேல்லை. அது உங்கடை பிழை," என்றார். அடுத்தது காலடியில் குத்தியது. "அதுவும் உங்கடை."

ஐந்தாவது கிழங்கோடு பரராசசிங்கத்துக்கு முழங்கை இறுகிவிட்டது. குறிபார்த்தார். மூச்சைப் பிடித்தார். மறுபடி குறிபார்த்தார்.

"கெதியா அண்ணை, ஆள் ஓடி வாறான்!"

அவசரப்பட்டு எறிந்தது பாதி வழியிலேயே விழுந்தது. பத்தும் முடிந்தபோது அம்மா பிடித்தவை நாலு.

"பொறுக்கிக்கொண்டு வாங்கோ. இன்னொருக்கா."

இந்தமுறை அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். கிழங்கு எங்கே வந்தாலும் அங்கே போனார். அட்டையில் இருந்த கால் மட்டும் நகரவில்லை. மற்ற உடம்பு முழுக்க நகர்ந்தது. ஒன்றுக்குக் குந்தினார். ஒன்றுக்கு எட்டிப் பாய்ந்து முழங்கையை நிலத்தில் உரசிக்கொண்டார். இரண்டு கிழங்குகள் கையில் பட்டு நழுவின. ஒன்று தலைக்கு மேலால் பறந்தது. மிச்சம் ஏழும் பிடிபட்டன. பரராசசிங்கம் குறிபார்ப்பதையே விட்டுவிட்டார். கடைசி மூன்றையும் சிரித்துக்கொண்டே எறிந்தார். டயர் கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

"முதல்தரம் என்ரை கையிலை பட்டு எத்தினை விழுந்தது?"

"ஒண்டும் இல்லை."

"ரெண்டாந்தரம்?"

"ரெண்டு."

"அப்ப முதல்தரம் நிண்டவதான் திறம். அவவின்ரை பேரை எழுதுங்கோ."

முழங்கை இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா மேலே போய்விட்டார். பரராசசிங்கம் அட்டையைப் பார்த்தபடி நின்றார். ஒரு பெயர் கேட்டு வந்தவருக்குத் தோள்வலிதான் கிடைத்தது. எரிச்சலோடு காரைக் கிளப்பினார்.

வீட்டில் மறுபடி அட்டவணைகளைத் திறந்தார். இந்தமுறை முதல் பேஸ்காரர்களின் பக்கத்தை விட்டுவிட்டு, அவர்களுக்கு எறிகிறவர்களின் பக்கத்தைப் புரட்டினார். ஹெல்கருக்கு எறிகிறவர்களின் பெயரில் இருபத்தேழு தவறான எறிகள். மதியாஸுக்கு எறிகிறவர்களின் பெயரில் ஆறு. பிறகு மதியாஸின் பதினொரு பிழைகளையும் ஒளிப்பதிவில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பது பந்துகள் மண்ணில் குத்தியும் கோணலாகவும் வந்தவை. குப்புற விழுந்து கையுறையால் தொட்டிருந்தான். தொட்டும் பிடிபடாததால் கணக்கெழுதியவர்கள் பிழையை அவன் பெயருக்கே போட்டிருந்தார்கள்.

அவர் மதியாஸ் என்று எழுதினார். அந்த வாரப் பத்தியில், பத்துக் கிழமையாகத் தான் பிழையாக எழுதியதையும் ஒப்புக்கொண்டார்.

முடிவு வந்தது. ஹெல்கர் பெரிய வித்தியாசத்தில் தெரிவானான். மதியாஸுக்கு நாலாம் இடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பரராசசிங்கம் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கடை பேச்சைக் கேட்டு நல்லா வாங்கிக் கட்டினன் அம்மா. அவனும் வெல்லேல்லை, என்ரை மானமும் போச்சு."

"என்ன நடந்தது?"

"என்ன நடக்கேல்லை எண்டு கேளுங்கோ! அறுபது கடிதம். மறதி வந்திட்டுதாம் எனக்கு. யோகநாதன் எண்டு ரக்சி ஓட்டுற ஒருத்தர், இருபது வருசமா என்னை வாசிக்கிறவர், போன் எடுத்துக் கத்துறார். 'உங்கடை எழுத்தை நம்பிப் பத்துக் கிழமையா எல்லாரோடையும் சண்டை பிடிச்சனான். இப்ப என்னைப் பாத்துப் பகிடி பண்ணுறாங்கள்' எண்டு. கத்திக் கத்தி, கடைசியிலை அழுற மாதிரி அவரின்ரை குரல் போச்சுது. நான் போனை வச்சிட்டன். மரியாதையாக் கேட்டால் மரியாதையாச் சொல்லலாம். எல்லாரும் என்னிலை எறியினம் அம்மா. ஒண்டெண்டாலும் நேரா வரேல்லை!"

அம்மா கத்தியை நிறுத்தினார்.

"எத்தினை பிடிச்சியள் அண்ணை?"

பரராசசிங்கம் போனை எடுத்து யோகநாதனின் இலக்கத்தைத் தேடினார்.