பம்பளிமாஸில் ராஜா முகம்

முன்னொரு காலத்தில், யாரைக் கண்டாலும் சந்தேகப்படும் ராஜா ஒருவர் இருந்தார். பெயர் தளவர்மர். சமையற்காரன் சிரித்தால், "எதற்குச் சிரிக்கிறான்?" என்று ஒற்றனை அனுப்புவார்.

ஒருநாள், கடலோடிகளுக்குப் படம் வரைந்து தரும் ஆழியப்பன், பெரிய துணியில் உலகப் படம் வரைந்து கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் ராஜாவின் முகம் இருண்டது.

"வடக்கே உள்ள நம் பகைநாடான பனிநாட்டைக் குதிரையில் நான்கு நாளில் கடந்துவிடலாம். நம் நாட்டைக் கடக்கப் பத்து நாள் ஆகும். படத்தில் மட்டும் பனிநாடு நம்மைவிடப் பெரிதாக இருக்கிறதே, எப்படி?"

மந்திரி அரிமர்த்தனர் ராஜாவின் காதருகே குனிந்தார். "போன வருஷம் இவர் வடக்கே போய்விட்டுக் கம்பளிச் சால்வையோடு திரும்பினார், மகாராஜா. யார் கொடுத்த சால்வையோ!"

"குளிருக்கு நானே வாங்கியது, பிரபு!" என்று பதறினார் ஆழியப்பன். "உலகம் உருண்டை. அதைத் தட்டைத் துணியில் பிசகாமல் விரிக்க முடியாது."

"மறைக்க ஏதோ இருப்பவன்தான் முடியாது என்பான்" என்றார் மந்திரி.

ராஜா உத்தரவிட்டார். "நாளை சபை கூடுவதற்குள் எந்த நாடும் பெருக்காமல், இளைக்காமல், உருமாறாமல் வரைந்து வா. இல்லையேல் உன் வலக்கை போகும்."

மறுநாள் ஆழியப்பன் வெறுங்கையோடு வந்து நின்றார். கூடவே விகடகவி கொண்டப்பன், கையில் ஒரு பம்பளிமாஸ் பழத்தோடு வந்தான். பழத்தைச் சுற்றிலும் ராஜாவின் முகம் வரையப்பட்டிருந்தது. மூக்கு, மீசை, மேலே கிரீடம், பக்கத்துக்கு ஒன்றாகக் காது.

"'முடியாது' என்பவன் எதையோ மறைக்கிறான் என்று சொன்னவர் மந்திரிதான், மகாராஜா. உலகம் பெரிது. முதலில் இந்தத் தோலை உரித்துத் தட்டையாக விரித்துக் காட்டட்டும். திருமுகம் கிழியவும் கூடாது, இழுபடவும் கூடாது."

மந்திரி பழத்தை வாங்கினார். உரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ராஜாவின் கண்கள் சுருங்கின. "ஏன் தயங்குகிறீர்? என் முகத்தில் உமக்கு மறைக்க என்ன இருக்கிறது?"

வேறு வழியின்றி மந்திரி பதமாக உரித்துத் தரையில் வைத்து அழுத்தினார். தோல், நெற்றியிலிருந்து மூக்குவரை பிளந்தது. மந்திரி ராஜாவின் காலில் விழுந்தார்.

"மந்திரி மேல் தப்பில்லை, மகாராஜா. உருண்டையின் குணம் அது" என்றான் கொண்டப்பன்.

ஆழியப்பன் கைகூப்பினார். "என் படத்தில் உலகைக் கிழிக்காமல் இழுத்து விரித்தேன், பிரபு. திசை சரியாக நின்றது. வடக்கே போகப் போக நிலம் உப்பிவிட்டது. பரப்பளவைச் சரியாக வைத்தால் உருவமும் திசையும் பிசகும்; திசை தவறினால் மாலுமியின் உயிர் போய்விடுமே."

ராஜா கிழிந்த தோலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இவர் கையை வெட்ட வேண்டாம். மாலுமிகளுக்கு இந்தப் படமே இருக்கட்டும். உருவம் பிசகினாலும் பரவாயில்லை, பரப்பளவு சரியாக இருக்கும்படி சபைக்கு வேறொன்று வரையட்டும்" என்றார்.

உடனே கொண்டப்பன் பக்கம் திரும்பினார். "அது சரி, பழத்தில் என் முகத்தை எதற்கு வரைந்தாய்? உள்நோக்கம் என்ன?"

"பனிநாட்டு ராஜாவின் முகத்தை வரைந்திருந்தால், எப்படிக் கிழிந்தாலும் 'அச்சு அசல் அவர்தான்' என்றிருப்பீர்களே, மகாராஜா!"

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். மீசை துடித்தது. அடுத்த கணம் சபை அதிரச் சிரித்தபடி, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.